கடைசி வரியில் 900 ரூபாய்

போன மாதம் அக்கா பையன் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினான். காலேஜில் இரண்டாம் வருஷம் விஸ்காம் படிக்கிறான். வீட்டிலேயே எடிட்டிங் செய்ய ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமாம். ஐ5-12400எஃப் பிராசஸர், பி660 போர்டு, 16 ஜிபி ராம், 1 டிபி எஸ்எஸ்டி, ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு. அதற்குக் கீழே கண்ணாடிக் கதவும் நாலு கலர் ஃபேனும் வைத்த கேபினட், 4,800 ரூபாய். எல்லாவற்றுக்கும் கீழே, மளிகை லிஸ்ட்டின் கடைசியில் பெருங்காயம் எழுதுவதுபோல், ‘எஸ்எம்பிஎஸ் 500 வாட் லோக்கல் – 900’. எஸ்எம்பிஎஸ் என்றால், சுவரிலிருந்து வரும் ஏசி கரண்ட்டைக் கம்ப்யூட்டருக்கு வேண்டிய டிசியாக மாற்றித் தரும் பெட்டி.

“கேபினட்டுல எரியிற லைட்டுக்கு 4,800, அதை எரிய வைக்கிறதுக்கு 900ஆ?” என்று கேட்டு அனுப்பினேன்.

“அது சும்மா கரண்ட் குடுக்கிற டப்பாதானே சித்தி? 500 வாட்டுன்னு போட்டிருக்கு பாருங்க” என்று பதில் வந்தது. கூடவே அந்த டப்பாவின் போட்டோ ஒன்று.

அவனுக்கு நேரில் உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். ஆனால் இப்படி லிஸ்ட் போடும் பிள்ளைகள் எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அதனால் இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

தண்டையார்பேட்டையில், அகஸ்தியா தியேட்டர் இருந்த இடத்திலிருந்து நாலு தெரு தள்ளி, 2006இலிருந்து டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, வாடகை ஒப்பந்தம், பசங்களுக்கு ப்ராஜெக்ட் ரிப்போர்ட். மூன்று மிஷின். இத்தனை வருஷத்தில் அந்த மூன்றும் சேர்ந்து ஐந்து எஸ்எம்பிஎஸ்ஸைத் தின்றிருக்கின்றன. ஐந்துமே கேபினட்டோடு இலவசமாக வந்தவை, அல்லது ‘இப்போதைக்கு இதைப் போட்டுக்கங்க மேடம்’ என்று யாரோ தலையில் கட்டியவை. நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்த ஐந்திடமிருந்துதான்.

மறக்க முடியாதது 2016 மே மாதம். சட்டமன்றத் தேர்தல், கூடவே கத்திரி வெயில். வார்டு வாரியாக நோட்டீஸ், பூத் ஸ்லிப், பேட்ஜ் என்று ராத்திரி பதினொன்று வரைக்கும் வேலை. மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கள் தெருவில் வோல்ட்டேஜ் படுத்துவிடும். டியூப் லைட் எரியலாமா வேண்டாமா என்று யோசிக்கும். அப்படி ஒரு மத்தியானம் கரண்ட் போய், திரும்பி வந்த நொடியில் மேஜைக்குக் கீழே ‘டப்’ என்று ஒரு சத்தம். மீன் கருகினதுபோல ஒரு நாற்றம். எஸ்எம்பிஎஸ் போனது பெரிசில்லை, 600 ரூபாய் சமாச்சாரம். போகும்போது மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் கூடவே அழைத்துக்கொண்டு போய்விட்டது. ஹார்டு டிஸ்க்கில் ஒன்பது வருஷத்துக் கோரல் டிரா ஃபைல்கள்.

அந்த மிஷினில் கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. ஒரு ஐ3, இரண்டு ஹார்டு டிஸ்க், அவ்வளவுதான். முழு வேகத்தில் ஓடினாலும் 100 வாட் இழுத்திருக்காது. செத்த டப்பாவின் மேலே எழுதியிருந்ததோ 450 வாட்.

எனக்கு சர்வீஸ் பார்க்கும் அண்ணன் அதைத் திறந்து காட்டினார். திறப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்தார்: பழைய குண்டு பல்பு ஹோல்டரில் இரண்டு ஒயரைக் கட்டி, உள்ளேயிருக்கிற பெரிய கெப்பாசிட்டரின் (கரண்ட்டைச் சேர்த்து வைக்கும் உருளை) கால்களில் வைத்து எடுத்தார். 230 வோல்ட் ஏசி உள்ளே போய் டிசியாக மாறும்போது 325 வோல்ட் ஆகும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் அது கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும். “யூடியூப் பார்த்துட்டு நீ இதைத் திறந்துராதே தங்கச்சி” என்றார். இன்று வரை திறந்ததில்லை. நீங்களும் திறக்காதீர்கள்.

உள்ளே பார்த்ததை அப்படியே சொல்கிறேன். கரண்ட் நுழையும் இடத்தில் போர்டின்மேல் ஒரு காயிலின் படம் வட்டமாக அச்சடித்திருந்தது. காயில் இல்லை. அந்த இடத்தில் இரண்டு வெறும் கம்பிகளைக் குறுக்கே போட்டு சால்டர் வைத்திருந்தார்கள். பக்கத்தில் கெப்பாசிட்டர் வரவேண்டிய ஓட்டைகள் காலி. ஈபி லைனில் வரும் குப்பையை வடிகட்ட வேண்டிய இடம் அது. வீட்டு வாசலில் கேட் வைப்பதற்குப் பதிலாகக் கேட்டின் படம் வரைந்த மாதிரி. டிரான்ஸ்ஃபார்மர் என் கட்டைவிரல் அளவு. சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட் சிங்க் என்று இருந்தது பிஸ்கட் டின் தகரத்தைவிடக் கொஞ்சம் தடிமன். அவுட்புட் பக்கத்துக் கெப்பாசிட்டர்கள் நாலும் தலை வீங்கி, இரண்டில் பழுப்பாகக் கசிந்திருந்தது. உடம்பில் 85 டிகிரி என்று எழுதியிருந்தது.

அந்த 85ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் 105 டிகிரி கெப்பாசிட்டர் போடுவார்கள். இந்த வகைக் கெப்பாசிட்டருக்கு வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸ்காரர்களின் பழைய கணக்கு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட கடையில், மே மாதத்தில், மேஜைக்குக் கீழே மூலையில் திணித்து வைத்த டப்பாவுக்குள் எவ்வளவு சூடு இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சர்வீஸ் அண்ணன் இன்னொன்றும் சொன்னார். நல்லதாக இருந்தால் வோல்ட்டேஜ் எகிறும்போது தானே கட்டாகி நின்றுவிடும். தான் செத்தாலும் பின்னால் இருக்கிறவனைச் சாகடிக்காது. அந்தப் பாதுகாப்புச் சர்க்யூட்டும் இதில் இல்லை. பன்னிரண்டு வோல்ட் போகவேண்டிய ஒயரில் அன்றைக்கு என்ன போனது என்று என் ஹார்டு டிஸ்க்குக்குத்தான் தெரியும்.

சரி, பையன் அனுப்பிய போட்டோவுக்கு வருவோம்.

எங்கள் அப்பா ஹார்பரில் கிரேன் ஆபரேட்டர். சின்ன வயதில் ஒருமுறை சொன்னார்: கிரேன் மேலே பெரிசாக எழுதியிருக்கிற டன் கணக்கு வேடிக்கை பார்க்கிறவனுக்கு, கேபினுக்குள்ளே ஒட்டியிருக்கிற சார்ட்தான் ஆபரேட்டருக்கு. கிரேனின் கை வெளியே நீள நீள, அது தூக்கக்கூடிய எடை குறைந்துகொண்டே போகும். எந்த நீளத்துக்கு எத்தனை டன் என்று அந்தச் சார்ட்டில் இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் அப்படி ஒரு சார்ட் உண்டு. பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்தான் அது. அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கிற 500ஐ விட்டுவிட்டு இதைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

3.3 வோல்ட்டில் 20 ஆம்ப். 5 வோல்ட்டில் 25 ஆம்ப். 12 வோல்ட்டில் 18 ஆம்ப். மைனஸ் 12இல் அரை ஆம்ப். ஸ்டாண்ட்பை 5 வோல்ட்டில் 2 ஆம்ப்.

வோல்ட்டை ஆம்ப்பால் பெருக்கினால் வாட். நோட்டு எடுத்து உட்கார்ந்து பெருக்கினோம். 66, 125, 216, 6, 10. கூட்டினால் 423. “மீதி 77 வாட் எங்க சித்தி?” என்றான். பெயின்ட்டில் இருக்கும் என்றேன். அந்த 423ஐயும் எல்லா லைனிலும் ஒரே நேரத்தில் அது தருமா என்பது வேறு கதை.

முக்கியம் அதுகூட இல்லை. இன்றைய கம்ப்யூட்டரில் பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் தின்பது ஏறக்குறைய முழுக்க 12 வோல்ட் லைனிலிருந்துதான். 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் பென்டியம் காலத்துப் பெரிய மனிதர்கள். இன்றைக்கு எஸ்எஸ்டிக்கும் யுஎஸ்பிக்கும் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். ஆகவே இந்த டப்பாவின் உண்மையான பெயர் 500 வாட் கிடையாது, 216 வாட். பிராண்ட் டப்பா ஒன்றின் ஸ்டிக்கரைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். கோர்செய்ர் சிஎக்ஸ்550இல் 12 வோல்ட் வரியில் 45.8 ஆம்ப் என்று இருக்கும். பெருக்கினால் 549.6. பெட்டியில் 550, 12 வோல்ட் லைனிலும் 550. கடையில் எதை எடுத்தாலும் இந்த ஒரு பெருக்கலைப் போட்டுவிடுங்கள். பெட்டி எண்ணும் 12 வோல்ட் கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் மேற்கொண்டு பேசலாம்.

பையனுடைய மிஷினுக்கு எவ்வளவு வேண்டும்? 12400எஃப் பிராசஸருக்கு 65 வாட் என்று போட்டிருப்பார்கள். முழு மூச்சில் ஓடும்போது 117 வரை போகும் என்று இன்டெல்லே சொல்கிறது. 3060 கார்டு 170. போர்டு, ராம், எஸ்எஸ்டி, கலர் ஃபேன்கள் எல்லாம் சேர்த்து 50 வைத்தேன். மொத்தம் 337. இதில் பாதியை மேலே சேர்த்தால் 500 சொச்சம், ஆகவே 550. என்விடியாவும் 3060க்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ்தான் சொல்கிறது. மேலே சேர்க்கும் பாதி வீண் கிடையாது. கிராஃபிக்ஸ் கார்டுகள் கண் இமைப்பதற்குள் தங்கள் கணக்கைத் தாண்டி ஒரு வாய் அதிகம் இழுக்கும். சராசரி எடுத்தால் தெரியாது, எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தெரியும். 2022இல் எஸ்எம்பிஎஸ்களுக்கு வந்த ஏடிஎக்ஸ் 3.0 என்ற விதியில், புதிய கார்டுகளுக்கான டப்பாக்கள் 100 மைக்ரோ செகண்ட் நேரத்துக்குத் தங்கள் வாட்டில் இரண்டு மடங்கைத் தாங்க வேண்டும் என்றே எழுதிவிட்டார்கள். அதற்காக 337 வாட் மிஷினுக்கு 850 வாட் வாங்கி மாட்டுவதும் அநாவசியம். ‘நாளைக்கு அப்கிரேடு பண்ணும்போது’ என்று கடைக்காரர் சொல்வார். அந்த நாளை எங்கள் வீட்டில் வந்ததே இல்லை.

வாட் கணக்கு இத்தோடு முடிந்தது. இதற்கப்புறம்தான் எங்கள் ஊர்ப் பிரச்சினை. இணையத்தில் படிக்கும் ஆலோசனையெல்லாம் சுவரில் ஒழுங்காகக் கரண்ட் வருகிற ஊரில் இருந்துகொண்டு எழுதியவை. அக்கா வீடு இருப்பது கடலோரக் காசிமேட்டில்.

அந்த வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. வெறுங்காலோடு நின்று கேபினட்டின் பின்பக்கத்து ஸ்குரூவைத் தொட்டால் ‘சுர்’ரென்று ஊசி குத்தும். டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரியும். ‘எஸ்எம்பிஎஸ் லீக் ஆகுது’ என்று ஒருத்தர் அதை மாற்றினார். புதிசிலும் சுர். இன்னொருவர் அதையும் மாற்றினார். சுர். கடைசியில் எலெக்ட்ரீஷியன் வந்து சுவிட்ச் போர்டைக் கழற்றினார்: பிளக் பாயின்ட்டில் மூன்று ஓட்டை, பின்னால் ஒயர் இரண்டே இரண்டு. எர்த் ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

நல்ல எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டியில், லைனிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு குட்டிக் கெப்பாசிட்டர்கள் பாடியோடு இணைந்திருக்கும். குப்பையை எர்த்துக்குத் தள்ளுவது அவற்றின் வேலை. எர்த் இல்லாத வீட்டில் தள்ள இடமில்லை. 230இல் பாதி, 115 வோல்ட் போல, பாடியிலேயே நிற்கும். கரண்ட் மிகக் கொஞ்சம் என்பதால் ஊசி குத்துவதோடு போகிறது. வேடிக்கை என்னவென்றால், என் கடையில் வெடித்த டப்பாவில் வடிகட்டியே இல்லாததால் ஷாக்கும் அடித்ததில்லை. ‘லோக்கல்தான் மேடம் ஷாக் அடிக்காது’ என்று ஒரு கடைக்காரர் சொன்னது ஒருவகையில் உண்மைதான்.

அக்கா வீட்டு வாசலில் குழி தோண்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு எர்த் எடுத்தோம். “இந்த ஊர் மண்ணுக்கு உப்பு வேற போடணுமா?” என்று அக்கா கேட்டாள். சுர் அன்றைக்கே நின்றது. ஒரு எச்சரிக்கை: சில பேர் பிளக் பாயின்ட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிட்டு ‘எர்த் கொடுத்தாச்சு’ என்பார்கள். எங்கேயாவது நியூட்ரல் அறுந்தால் கேபினட் முழுக்க 230 வோல்ட். அப்படிச் செய்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது லோ வோல்ட்டேஜ். ஸ்டிக்கரில் மேலே ‘இன்புட்’ என்று ஒரு வரி இருக்கும். சிலதில் 200–240 என்றிருக்கும், சிலதில் 100–240. எங்கள் தெருவில் மே மாதத்து மத்தியானம் மல்டிமீட்டரில் 175ஐப் பார்த்திருக்கிறேன். 200–240 டப்பாவை அந்த நேரத்தில் நம்ப முடியாது. 100–240 என்று போட்டு, ஆக்டிவ் பிஎஃப்சி (சுவரிலிருந்து கரண்ட்டைச் சீராக இழுக்கும் சர்க்யூட்) என்றும் எழுதியிருந்தால் 175ஐச் சட்டை செய்யாது. அரை நிமிஷத்தில் படித்துவிடக்கூடிய இந்த வரியைப் பார்க்காமல், ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

பழைய டப்பாக்களின் பின்னால் 115/230 என்று ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கும். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்து, குழந்தையும் இருந்தால், அந்த சுவிட்ச்மேல் டேப் ஒட்டிவிடுங்கள். 115இல் தள்ளிவிட்டு ஆன் செய்தால் தீபாவளிதான்.

அப்புறம் இன்வெர்ட்டர். கரண்ட் போனால் லைட்டும் ஃபேனும் இம்மியும் அசையாமல் ஓடுகின்றன, கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது என்று கடைக்கு வந்து புலம்பாத ஆளில்லை. கரண்ட் அறுந்த பிறகும் எஸ்எம்பிஎஸ் தன் கெப்பாசிட்டரில் இருப்பதை வைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டும். முழு லோடில் அது 16 மில்லி செகண்டாவது இருக்க வேண்டும் என்பது நெடுநாளாக இருந்த விதி. நம் ஈபி கரண்ட்டின் ஒரு அலைகூட 20 மில்லி செகண்ட். மலிவு டப்பாக்கள் கெப்பாசிட்டரில் மிச்சம் பிடிப்பதால் அதற்கு முன்னாலேயே மூச்சு விட்டுவிடும். இன்னொரு பக்கம், வீட்டு இன்வெர்ட்டரிலும் தப்பு இருக்கலாம். பல இன்வெர்ட்டர்களின் பின்னால் ‘யுபிஎஸ்’ என்றும் ‘ஈகோ’ அல்லது ‘நார்மல்’ என்றும் ஒரு சுவிட்ச் உண்டு. நார்மலில் மாறுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். அக்கா வீட்டு இன்வெர்ட்டரில் அந்தச் சுவிட்ச் வாங்கின நாளிலிருந்து நார்மலிலேயே கிடந்தது, ஒட்டடையோடு. யுபிஎஸ் பக்கம் தள்ளிவிட்டேன். ஸ்குயர் வேவ் (சதுர அலை) இன்வெர்ட்டராக இருந்தால் ஆக்டிவ் பிஎஃப்சி டப்பாக்கள் சில சமயம் முறைத்துக்கொண்டு நின்றுவிடும். ஈபி கரண்ட் போலவே வளைந்த அலை தரும் சைன் வேவ் நல்லது. தனி யுபிஎஸ் வாங்குகிறவர்கள் விஏவை வாட் என்று நினைத்துவிட வேண்டாம். 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். 337 வாட் மிஷினோடு மானிட்டரையும் மாட்டினால், கரண்ட் போகும்போது யுபிஎஸ் பீப்பென்று கத்திவிட்டுக் கூடவே போய்விடும்.

ஒரு சனிக்கிழமை, கம்ப்யூட்டர் சாமான் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட் போனோம். முன்பெல்லாம் பிராட்வே போய் அங்கிருந்து வேறு பஸ் பிடித்து, அரை நாள் ஓடிவிடும். 2021இல் இந்தப் பக்கம் மெட்ரோ வந்ததிலிருந்து தண்டையார்பேட்டையில் ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம்.

முதல் கடையில் பையனைப் பார்த்ததும் 500 வாட் லோக்கலைத்தான் எடுத்து வைத்தார்கள். கார்டுக்கு 8 பின் ஒயர் இருக்கிறதா என்று கேட்டேன். “கன்வெர்ட்டர் தரேங்க்கா” என்று, இரண்டு மோலெக்ஸை (பழைய ஹார்டு டிஸ்க்குக்கான 4 பின் கனெக்டர்) ஒன்றாக்கி 8 பின்னாக மாற்றும் ஒரு குட்டி ஒயரை நீட்டினார் கடைப் பையன். 8 பின் வழியாக 150 வாட் போகும். அதை ஹார்டு டிஸ்க்குக்கு வந்த மெல்லிய ஒயர் வழியாக இழுத்தால் பிளாஸ்டிக் உருகும், உருகினதைப் பார்த்திருக்கிறேன். ஒரு டப்பாவில் எழுதியிருக்கும் வாட்டுக்கு ஏற்ற ஒயர் இல்லை என்றால், அந்த வாட்டும் அதனிடம் இல்லை.

கடைப் பையன் விடவில்லை. 24 பின் கனெக்டரில் பச்சை ஒயருக்கும் கறுப்பு ஒயருக்கும் நடுவில் ஒரு யூ பின்னைச் சொருகினார். ஃபேன் சுற்றியது. “ஓடுது பாருங்க.” ஓடத்தான் செய்யும். மதர்போர்டு ‘எழுந்திரு’ என்று சொல்வதை யூ பின் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். ஆட்டோவை நியூட்ரலில் ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவதற்கும் எட்டு பேரை ஏற்றிக்கொண்டு பேசின் பிரிட்ஜ் மேம்பாலம் ஏறுவதற்கும் உள்ள வித்தியாசம். பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான். சிரித்ததில் கடைப் பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. பாவம், அவர் முதலாளி சொன்னதைச் செய்கிறார்.

இரண்டாவது கடையில் 550 வாட்டில் பிரான்ஸ் (Bronze, வெண்கலம்) ரகம் மூன்று பிராண்டில் வைத்திருந்தார்கள். கோல்டும் இருந்தது, 2,000 ரூபாய் கூட. பையனுக்குக் கோல்டு என்ற பெயரிலேயே ஆசை. பிரான்ஸ், கோல்டு எல்லாம் 80 பிளஸ் என்ற சான்றிதழின் படிகள். 80 பிளஸ் என்பது இந்த டப்பா சுவரிலிருந்து வாங்கும் கரண்ட்டில் எவ்வளவு வீணாக்குகிறது என்பதற்கான மதிப்பெண். பாதி லோடில் பிரான்ஸ் 85 சதவீதம், கோல்டு 90. அங்கேயே போனில் கணக்குப் போட்டோம்: 300 வாட், தினம் 4 மணி நேரம், ஈபி பில் வரும் 60 நாள். வித்தியாசம் 5 யூனிட்கூட வரவில்லை. யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 30 ரூபாய்க்குள். அந்த 2,000 திரும்பி வருவதற்குள் பையனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். பில்லுக்காகக் கோல்டு வாங்காதீர்கள். கோல்டு வாங்க வேறு காரணம் இருக்கலாம்: பெரும்பாலும் உள்ளே நல்ல சாமான், நீண்ட வாரண்டி, குறைந்த சூடு. மதிப்பெண் அட்டையில் அது எழுதியிருக்காது; ரிப்பிள் (டிசியில் மிச்சமிருக்கும் அலை) எவ்வளவு, கெப்பாசிட்டர் யாருடையது என்றெல்லாம் 80 பிளஸ் பார்ப்பதில்லை. அந்தச் சோதனையே 23 டிகிரி அறையில் நடப்பது. காசிமேட்டில் 23 டிகிரியை மார்கழி விடியற்காலையில் பார்க்கலாம்.

ஆகவே பிரான்ஸ், 550, ஸ்டிக்கரில் 100–240, 5 வருட வாரண்டி. பில்லில் கடைச் சீல் போட்டு சீரியல் நம்பரையும் எழுதச் சொன்னேன். நாலாயிரத்துச் சொச்சம். அந்தப் பணத்துக்காகக் கேபினட் கலர் ஃபேனைத் தியாகம் செய்ய வேண்டியிருந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து மெட்ரோ வரை அவன் என்னோடு பேசவில்லை.

மாட்டும்போது ஒரு கண்டம் தப்பியது. பிராசஸருக்கான ஒயர் போர்டின் பின்புறமாகச் சுற்றி வருவதால் எட்டுமோ எட்டாதோ என்றிருந்தது. அவன் நண்பன் வீட்டிலிருந்து வேறு ஏதோ மாடுலர் (ஒயர்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் வகை) எஸ்எம்பிஎஸ்ஸின் ஒயரைக் கொண்டுவந்து வைத்திருந்தான், “நீளமா இருக்கு சித்தி, இதைப் போடலாமா?” என்று. எங்களுடையதில் ஒயர்கள் கழற்ற முடியாதவை என்பதால் சேர்க்கவே முடியாது. ஆனால் கழற்றும் வகையாக இருந்தால் சேர்த்திருப்பான். அந்த ஒயர்களில் கம்ப்யூட்டர் பக்கத்து முனைதான் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்று. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தக் காலில் எந்த வோல்ட்டேஜ் என்பது கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் மாடலுக்கு மாடல் வேறு. முனை பொருந்தும், எஸ்எஸ்டிக்கு 5 வோல்ட் போகவேண்டிய இடத்தில் 12 போகும். என் கஸ்டமர் ஒருவர் அப்படித்தான் தன் பெண்ணின் காதுகுத்து வீடியோவை இழந்தார். ஒயரை ஒருவழியாக ஓரமாக இழுத்து, தன்னுடையதையே எட்ட வைத்தோம்.

கேபினட்டை எங்கே வைப்பது என்பதில் அக்காவோடு சின்ன வாக்குவாதம். அவளுக்கு மேஜைக்குக் கீழே தள்ளிவிட்டால்தான் இடம் மிச்சம். இப்போதைய கேபினட்களில் எஸ்எம்பிஎஸ் அடியில் இருக்கும், தரையைப் பார்த்துக் காற்று இழுக்கும். அந்தப் பக்கத்துக் காற்றில் உப்பும் தூசியும். வாசல் கேட் இரண்டு வருஷத்தில் பொரிந்துபோகிற ஊர். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது என் கடைக்குள் ஒரு செங்கல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. மெயினை முன்கூட்டியே அணைத்திருந்தேன், தெருவிலும் கரண்ட் இல்லை. அப்படியும், அடியில் எஸ்எம்பிஎஸ் வைத்த புது மிஷின் ஒன்று போனது. மேலே எஸ்எம்பிஎஸ் வைத்த பழைய மிஷின்கள் இரண்டும் காலை மட்டும் நனைத்துக்கொண்டு பிழைத்துக்கொண்டன. அதிலிருந்து என் கடையில் எல்லாம் மேஜைமேல். அக்கா வீட்டிலும் ஒரு ஸ்டூல் போட்டு ஏற்றியாகிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எஸ்எம்பிஎஸ் அடியிலிருக்கும் வலையைக் கழற்றித் தூசி தட்டச் சொல்லியிருக்கிறேன். தட்டுவானா தெரியாது.

எல்லாம் முடிந்த மறுநாள் பையனைக் கடைக்குக் கூப்பிட்டு, பரணிலிருந்த அந்த ஐந்து செத்த டப்பாக்களையும் காயலான் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஐந்தையும் ஒன்றாகத் தராசில் வைத்தார் கடைக்காரர். மூன்றேகால் கிலோ. புதிசு ஒன்றே ஒயரோடு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருந்தது என்று பையன் மெதுவாகச் சொன்னான். காயலான் கடைக்காரர் ஒன்றை எடுத்துக் காதருகே குலுக்கிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

“காப்பர் ரேட்டெல்லாம் கேக்காதம்மா. உள்ள ஒண்ணுமே இல்ல. தகரத்துக்குப் போட்டுத் தரேன்.”